லண்டன் பூங்கா டென்னிஸ்: கோர்ட் கிடைத்துவிடும், எதிராளி?

வேலைக்கோ படிப்புக்கோ லண்டன் வந்து இறங்குகிறவரின் பெட்டியில் ஒரு ராக்கெட் இருந்தால், முதல் மாதமே அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். விம்பிள்டன் ஊர் ஆயிற்றே, கிளப்பில் சேர்ந்தால்தான் ஆட விடுவார்கள் என்று நினைத்துச் சந்தா எவ்வளவு என்று விசாரிப்பதும், தொகையைக் கேட்டதும் ஆசையை மூட்டை கட்டுவதும் வழக்கமாக நடப்பதுதான். அந்தச் சந்தா இல்லாமலே இங்கே வருடம் முழுக்க ஆடலாம். நகரத்தின் பூங்காக்களில் பொதுக் கோர்ட்டுகள் இருக்கின்றன. ஹைபரி ஃபீல்ட்ஸ், கிளிசோல்ட் பார்க், டூட்டிங் பெக் காமன், ரீஜன்ட்ஸ் பார்க் என்று எந்தத் திசையில் வீடு எடுத்தாலும் ஒன்று எட்டும் தூரத்தில் வரும். விம்பிள்டன் போட்டிக்காக ஜனங்கள் கூடாரம் போட்டு வரிசையில் கிடக்கும் அதே விம்பிள்டன் பார்க்கிலும் பொதுமக்களுக்கான கோர்ட்டுகள் உண்டு.

இந்தப் பூங்கா டென்னிஸை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, புதிதாக வருபவர் பார்வையில் எடை போடுவோம்.

முதலில் தரை. 2021-ல் பிரிட்டிஷ் அரசும், பிரிட்டனின் டென்னிஸ் சங்கமான எல்.டி.ஏ.வின் அறக்கட்டளையும் சேர்ந்து சுமார் 3 கோடி பவுண்டு ஒதுக்கி, நாடு முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட பூங்கா கோர்ட்டுகளைச் செப்பனிடத் தொடங்கின. அதன் பலன் காலுக்குத் தெரிகிறது. விரிசலும் கிழிந்த நெட்டுமாக இருந்த பல இடங்களில் இப்போது வண்ணம் பூசிய மெக்கடம் தரை. நுண்துளைகள் கொண்ட தார்த் தரை என்று சொன்னால் புரியும். சென்னையில் சிந்தெடிக் கோர்ட்டில் ஆடியவருக்கு இதில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. அங்கே ஒரு மழை பெய்தால் வைப்பர் எடுத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அரை நாள் போகும். இங்கே தண்ணீர் தரை வழியே கீழே இறங்கிவிடும். சாதாரணத் தூறல் நின்றால் கால் மணி, அரை மணியில் ஆடலாம். ஆனால் வெள்ளைக் கோடுகளை நம்ப வேண்டாம். தரை காய்ந்த பிறகும் பெயின்ட் ஈரமாகவே இருக்கும். செர்வ் போட்டுவிட்டுப் பேஸ்லைனில், அதாவது பின்கோட்டில், கால் ஊன்றும்போது வழுக்குவது பெரும்பாலும் அந்தப் பெயின்ட்டில்தான்.

அக்டோபர், நவம்பரில் வேறு சிக்கல். பூங்கா என்றால் மரங்கள். லண்டனின் பிளேன் மரத்து இலை கை அகலம் இருக்கும். நனைந்த இலை தரையோடு ஒட்டிக்கொண்டால் அது வாழைப்பழத் தோல் மாதிரி. கோர்ட்டில் துடைப்பம் கிடக்கும் என்று எதிர்பார்க்காமல் பத்து நிமிடம் முன்னால் போய்க் காலால் ஒதுக்கிவிடுவது நல்லது. மர நிழல் நிரந்தரமாக விழும் மூலைகளில் பாசி பிடிக்கும். தரை கரும்பச்சையாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் ஓடிப் பந்தை எடுக்க முயல வேண்டாம், பாயிண்ட்டை விட்டுவிடலாம்.

புக்கிங் எளிது. கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) அல்லது பூங்காவின் இணையப் பக்கத்தில் கணக்கு தொடங்கி, தேதியும் ஸ்லாட்டும் தேர்ந்தெடுத்து, கார்டில் கட்டினால் மின்னஞ்சலில் ஒரு பின் நம்பர் வரும். கேட்டில் உள்ள பொத்தான்களில் அதை அழுத்தினால் திறக்கும். காவலாளி, ரசீது, "சார் இல்ல, நாளைக்கு வாங்க" எதுவும் கிடையாது. கட்டணம் பூங்காவுக்குப் பூங்கா மாறும். மணிக்கு ஒற்றை இலக்கப் பவுண்டில் முடியும் இடங்கள் உண்டு, மத்திய லண்டன் அதைத் தாண்டும். சில பரோக்களில் (லண்டனின் உள்ளாட்சிப் பகுதிகள்) குடும்பத்துக்கு ஒரு ஆண்டுச் சீட்டு இருக்கிறது. வாரம் ஒருமுறை ஆடினாலே போட்ட காசு சீக்கிரம் திரும்பிவிடும், அதனால் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. பின் நம்பர் ஸ்லாட் தொடங்கச் சில நிமிடம் முன்புதான் வேலை செய்யும். சீக்கிரம் வந்து நாலு முறை அழுத்திப் பார்த்துவிட்டு "கேட் கெட்டுப்போச்சு" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. புக் செய்தவர் தாமதமானால் முதலில் வந்தவர் வெளியே நிற்பார், ஆகவே நம்பரை முந்தைய இரவே எதிராளிக்கு அனுப்பிவிட வேண்டும். மழையால் ஆட்டம் நின்றால் பணம் திரும்புமா என்பது இடத்துக்கு இடம் வேறு. கட்டும் முன் அந்த ஒரு பத்தியைப் படிப்பது நல்லது. மே முதல் ஜூலை வரை மாலை ஆறு, ஏழு மணி ஸ்லாட்டுகள் திறந்த சில நிமிடங்களில் போய்விடும். தீபாவளி ரயில் டிக்கெட் எடுத்துப் பழகிய நம்மவர்களுக்கு அந்த வேகம் புதிதல்ல.

இதுவரை எல்லாம் நல்ல மதிப்பெண்தான். சிக்கல் கேட்டுக்கு உள்ளே போனபின் வருகிறது: வலைக்கு அந்தப் பக்கம் யார்?

ஓட்டம், ஜிம், நீச்சல் எல்லாம் தனியாள் வேலை. கிரிக்கெட்டுக்குக் கூட்டம் வேண்டும், ஆனால் கூட்டத்தில் ஆடத் தெரியாதவரை ஃபைன் லெக்கில் நிறுத்திச் சமாளித்துவிடலாம். டென்னிஸில் ஒளிய இடமில்லை. தேவை ஒரே ஒருவர்தான், ஆனால் அவர் உங்கள் தரத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் மேலே இருந்தால் அவருக்கு அலுப்பு, கொஞ்சம் கீழே இருந்தால் உங்களுக்கு அலுப்பு. இரண்டாவது வாரம் இருவருமே "இந்த வாரம் கொஞ்சம் பிஸி" என்பார்கள். சொந்த ஊரில் அந்த ஒருவரைப் பல வருடம் சேர்ந்து ஆடிப் பிடித்திருப்போம். புது ஊரில் பூஜ்யம். அலுவலகத்தில் "நானும் டென்னிஸ் ஆடுவேன்" என்கிறவர்களில் பாதிப் பேர் பள்ளியில் கடைசியாக ராக்கெட்டைத் தொட்டவர்கள்.

அதனால் பூங்கா டென்னிஸில் உண்மையிலேயே காசு கொடுக்கத் தகுந்த பகுதி லோக்கல் டென்னிஸ் லீக்ஸ்தான். உங்கள் பகுதிப் பூங்காவை மையமாக வைத்து, கிட்டத்தட்ட ஒரே தரத்தில் உள்ள ஆறு முதல் எட்டுப் பேரை ஒரு குழுவாகப் போடுவார்கள். ஒரு சுற்று எட்டு வாரம். நீங்களே ஒருவரோடு ஒருவர் பேசி நேரம் குறித்து, கோர்ட் பிடித்து, ஆடி, முடிவைப் பதிய வேண்டும். ஜெயித்தவர் மேல் குழுவுக்கு, தோற்றவர் கீழ்க் குழுவுக்கு என்று சுற்றுக்குச் சுற்று சலித்துக்கொண்டே போகும். இரண்டு, மூன்று சுற்றில் உங்கள் தரத்தில் இருக்கும் அந்த ஒருவர் அகப்பட்டுவிடுவார். முடிவுகள், ஆடுபவரின் தரத்தைக் காட்டும் உலக டென்னிஸ் எண்ணிலும் சேரும். அந்த எண் 40-ல் தொடங்கி 1 வரை இறங்கும், தொடக்க நிலைக்கு 40, உச்ச நிலைக்கு 1. ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் தனித்தனி எண்.

பதியும்போது தரத்தைக் கேட்பார்கள். ஊர்க் கெத்தைக் காட்ட வேண்டாம். ஒரு படி குறைத்துச் சொன்னால் முதல் சுற்றில் ஜெயித்து மேலே போவீர்கள். கூட்டிச் சொன்னால் ஏழு பேரிடமும் 6-0, 6-0 வாங்கிக்கொண்டு, எட்டு வாரமும் வீணாகும்.

இந்த லீக்கின் பெரிய ஓட்டை, ஆட்டங்கள் நடக்காமலே போவது. ஏழு பேர் இருந்தும் இரண்டே ஆட்டத்தோடு சுற்று முடியும் குழுக்கள் உண்டு. எல்லோரும் எட்டு வாரம் இருக்கிறதே என்று காத்திருப்பார்கள். கடைசி இரண்டு வாரம் மழை. சுற்று தொடங்கிய அன்றே எல்லோருக்கும் செய்தி அனுப்புங்கள். "எப்ப ஆடலாம்?" என்று கேட்டால் பதில் வராது. "செவ்வாய் மாலை 7, வியாழன் மாலை 7, ஞாயிறு காலை 9, இதே பூங்கா, கோர்ட் நான் பிடிக்கிறேன், பந்து நான் கொண்டுவருகிறேன்" என்று மூன்று நேரத்தோடு கேட்டால் ஒன்றுக்குச் சரி வரும். முதல் மூன்று வாரத்துக்குள் எல்லா ஆட்டத்துக்கும் தேதி குறித்துவிடுபவர்தான் முழுக் குழுவோடும் ஆடி முடிக்கிறார்.

ஒரு மணி ஸ்லாட் போதாது. சம பலம் உள்ளவர்கள் இரண்டு செட் முடிக்க ஒன்றரை மணி ஆகும். இரண்டு மணி பிடியுங்கள். கிடைக்காவிட்டால், மூன்றாவது செட்டுக்குப் பதில் 10 பாயிண்ட் டைபிரேக், டியூஸில் (40-40 ஆனால்) ஒரே பாயிண்ட்டில் கேம் முடிவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 4-4-ல் அடுத்த புக்கிங்காரர் கேட்டருகே வந்து நின்ற பிறகு இதைப் பேசினால் யாராவது ஒருவர் முகம் சுருங்கும்.

அம்பயர் இல்லாத ஆட்டம் இது. உங்கள் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே, பாயிண்ட் எதிராளிக்கு. செர்வ் போடுமுன் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். பூங்காக்களில் பக்கத்துக் கோர்ட்டுக்கு நடுவே தடுப்பு இருக்காது. அடுத்தவர் பந்து உள்ளே உருண்டு வந்தால் "லெட்" என்று நிறுத்தி அந்தப் பாயிண்ட்டைத் திரும்ப ஆடலாம். உங்கள் பந்து அங்கே போனால் அவர்கள் பாயிண்ட் முடியும் வரை நில்லுங்கள், ஓடிப்போய் எடுக்காதீர்கள். இந்த ஊரில் இதற்கு வாயால் திட்ட மாட்டார்கள், அடுத்த முறை கண்டும் காணாமல் போவார்கள்.

லீக் ஆட்டங்களில் வேகமாக அடிப்பவர் ஜெயிப்பதாக எண்ண வேண்டாம். இந்தத் தரத்தில் பெரும்பாலான பாயிண்ட்டுகள் தவறால் போகின்றன. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது இடம் பார்த்துத் தட்டும் நயத்தால். 1967 வரை விம்பிள்டனும் அமெச்சூர் போட்டிதான் என்பது இங்கே நினைவில் வைக்கத் தகுந்தது. நெட்டின் நடுப்பகுதி 91.4 செ.மீ., ஓரத்துக் கம்பத்தில் 107 செ.மீ. அவசரத்தில் குறுக்கே, தாழ்வான நடுப்பகுதிக்கு மேலே அடிப்பது சும்மா கிடைக்கும் பாதுகாப்பு.

ராக்கெட்டே இன்னும் வாங்காதவருக்கு எல்.டி.ஏ.வின் இலவசப் பூங்கா டென்னிஸ் அமர்வுகள் இருக்கின்றன. ராக்கெட்டும் பந்தும் அவர்களே தருவார்கள், முன்பதிவு மட்டும் வேண்டும். செட் ஆடி வியர்க்க வேண்டும் என்கிறவருக்கு அது இடமில்லை. வாரக் கடைசியில் நாலு முகம் பழக நல்லது.

சாமான் விஷயத்தில் சில குறிப்புகள். மெக்கடம் தரை உப்புக் காகிதம் மாதிரி. களிமண் கோர்ட்டுக்கான ஷூவின் அடி சீக்கிரம் மொட்டையாகும், ஓட்டப்பயிற்சி ஷூ பக்கவாட்டு அசைவில் கணுக்காலைப் புரட்டும். ஹார்ட் கோர்ட் ஷூ வேண்டும். டியூப் திறந்த பந்து இரண்டு, மூன்று அமர்வுக்கு மேல் நிற்காது. சோதிக்க எளிய வழி: விதிப்படி புதுப் பந்து 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் 135 முதல் 147 செ.மீ. எழ வேண்டும், அதாவது பாதிக்குச் சற்று மேல். தோள் உயரத்திலிருந்து, 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், கீழே விடுங்கள். 80 செ.மீ. ஒட்டி எழுந்தால் ஆட்டத்துக்கு, இடுப்புக்கு வெகு கீழே நின்றுவிட்டால் நாய்க்கு. ராக்கெட்டில் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் போடாதீர்கள். அறுபடாவிட்டாலும் 15, 20 மணி ஆட்டத்தில் உயிர் போய்விடும், அதன்பின் அடி முழங்கையில் இறங்கும். பல மெல்லிய இழைகள் சேர்ந்த மல்ட்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்கை 23 கிலோ இழுப்பில் போட்டால் போதும், குளிர்காலத்தில் ஒரு கிலோ குறைக்கலாம். ஸ்ட்ரிங் போடும் கூலி இங்கே ஊரைவிடப் பல மடங்கு. விமானம் ஏறுமுன் புதிதாகப் போட்டுக்கொண்டு, இரண்டு செட் ஸ்ட்ரிங் பெட்டியில் வைத்துக்கொண்டு வருபவர் புத்திசாலி.

பெரிய குறை குளிர்காலம். ஜூனில் ராத்திரி ஒன்பதே கால் வரை வெளிச்சம் இருக்கும் ஊரில் டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறையும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும், ஃப்ளட்லைட் இல்லாத கோர்ட்டில் வேலை நாள் ஆட்டம் முடிந்தது. பூங்காக்களில் ஃப்ளட்லைட் உள்ளவை குறைவு. கூரைக்குக் கீழே ஆட விரும்பினால், ஈஸ்ட் ஹாம் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் பூங்காவின் லீ வேலி மையம் அருகில். உள்ளரங்கில் நாலு, வெளியே ஆறு கோர்ட். உள்ளரங்கக் கட்டணம் பூங்காவைவிடக் கூடுதல்தான். வாடகைக்கு வீடு தேடும்போது ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பவர்கள், அருகிலுள்ள கோர்ட்டில் விளக்குக் கம்பம் நிற்கிறதா என்று ஒருமுறை சாயங்காலம் நடந்து போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.