பேஸ்மென்ற் சுவருக்குப் பஞ்சா, பலகையா, ஸ்பிரே ஃபோமா?

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் பேஸ்மென்ற் முடிக்க விலை கேட்டால், கொன்ட்ராக்டர் தரும் தாளில் தரைக்கும் குளியலறைக்கும் பத்து வரி இருக்கும். சுவருக்கு ‘இன்சுலேஷன், ட்றைவோல் (ஜிப்சம் பலகை)’ என்று ஒரே வரிதான். பேஸ்மென்ற் பத்து வருடம் கழித்தும் மணமில்லாமல் இருக்குமா என்பதை முடிவு செய்வது அந்த ஒரு வரி. அதை விரித்துக் கேளுங்கள்: பஞ்சும் பிளாஸ்ரிக் தாளுமா, நுரைப்பலகையா, ஸ்பிரே ஃபோமா?

கொங்கிறீற் சுவர் மண்ணின் ஈரத்தை வருடம் முழுவதும் மெல்ல உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணுக்கு மேலே தெரியும் ஓரிரண்டு அடி சுவரோ ஜனவரியில் கடுமையாகக் குளிரும். வீட்டின் சூடான காற்று அந்தக் குளிர்ந்த முகத்தைத் தொட்டால் நீராகிவிடும். அந்தக் காற்றைச் சுவரிடம் போகவிடாமல் தடுப்பதில்தான் மூன்று முறைகளுக்கும் வேறுபாடு.

அதற்கு முன் தண்ணீர். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. 2024 ஜூலை 16 அன்று 97.8. இப்படிப்பட்ட மழையில் எந்த இன்சுலேஷனும் காப்பாற்றாது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்கட்டும், மண் வீட்டைவிட்டு வெளிப்பக்கம் சரியட்டும், சுவர் வெடிப்புகளுக்குள் அடைக்கும் பசையை இன்ஜெக்‌ஷன் செய்து முடியுங்கள். சாக்கடை திரும்பி வராமல் தடுக்கும் பாக்வோட்டர் வால்வுக்குத் தரையை உடைக்க வேண்டும், ஆகவே அது தரை போடுமுன் நடக்க வேண்டிய வேலை. பிறகு இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்ரிக் தாள் ஒன்றைத் தரையிலும் இன்னொன்றைச் சுவரிலும் நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்ளே துளி நின்றால் ஈரம் கொங்கிறீற்றிலிருந்து வருகிறது. வெளியே நின்றால் அறைக் காற்றில் ஈரம் கூட, டிஹியூமிடிபையர் போதும்.

பஞ்சு முறையே மலிவானது, இன்றும் பரவலாக நடப்பதும் அதுதான். சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி 2×4 ஸ்ரட் (நிற்கும் மரச்சட்டம்), இடையில் R-12 அல்லது R-14 கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) பிளாஸ்ரிக், கடைசியில் ட்றைவோல். R என்பது சூட்டைத் தடுக்கும் அளவு; எண் கூடினால் தடையும் கூடும். காகிதத்தில் குறையே தெரியாது. ஆனால் பிளாஸ்ரிக்கில் மின்பெட்டிக்கு வெட்டிய ஓட்டைகள், ரேப் ஒட்டாத மூட்டுகள், ஸ்ரட்டுகள் நிற்கும் அடிக்கட்டையில் விட்ட இடைவெளி என ஒவ்வொன்றிலும் காற்று நுழையும். பஞ்சு காற்றை நிறுத்தாது, வடிகட்டும். குளிர்காலத்தில் அந்தக் காற்று கொங்கிறீற்றில் நீராகிறது. கோடையில் சுவர் விடும் ஈரம் உள்ளே வர முயன்று, ஏசியால் குளிர்ந்த பிளாஸ்ரிக்கின் பின்முகத்தில் துளியாகத் தங்குகிறது. இப்படிப்பட்ட சுவர் ஒன்றைத் திறந்தால் தெரிவது இது: பிளாஸ்ரிக்கின் பின்னால் நீர் வழிந்த கோடுகள், காற்றோடிய இடங்களில் புகை படிந்ததுபோல் கறுத்த பஞ்சு, அடிக்கட்டையைச் சுற்றிப் பூஞ்சணம், துருப்பிடித்த ஆணித் தலைகள். ட்றைவோல் முன்பக்கம் வெள்ளையாகவே இருக்கும். அதனால்தான் மணம் வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. கட்டுநர் சுவரின் மேற்பாதியில் ஆணியடித்துவிட்டுப் போன வெள்ளைப் பிளாஸ்ரிக் போர்வையும் இதே குடும்பம். அதை விட்டுவிட்டு முன்னால் ஸ்ரட் நிறுத்தச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நுரைப்பலகை முறையில் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் (பொலிஸ்ரைரீன் நுரை) பலகையை நேரே கொங்கிறீற்றில் ஒட்டுகிறோம். அங்குலத்துக்கு R-5, ஆகவே R-10. அதன் முன்னால் 2×4 ஸ்ரட், நடுவில் R-14 கற்பஞ்சு (ரொக் வூல்); மொத்தம் R-24. பலகையின் உள்முகம் சூடாக இருப்பதால் காற்று அதைத் தொட்டாலும் நீராகாது. பலகையே ஈரத்தை மட்டுப்படுத்துவதால் முன்பக்கம் இன்னொரு பிளாஸ்ரிக் தாள் போட்டால் நடுவில் ஈரம் சிறைப்படும். இதை பெர்மிற் வரைபடத்திலேயே எழுதி, இன்ஸ்பெக்டர் ஏற்றுக்கொள்வதை முன்னரே உறுதி செய்யுங்கள். சுவர் எழும்பிய பிறகு வாதாடுவது சிரமம்.

கவனிக்க வேண்டியது பசையும் மூட்டும். நுரைக்கென்று எழுதியிருக்கும் பசைதான் வேண்டும், சாதாரணக் கட்டுமானப் பசையின் கரைப்பான் பலகையைக் கரைத்துக் குழியாக்கும். நேர்கோடுகளாகப் பசை பூசினால் பலகைக்குப் பின்னால் புகைபோக்கிபோலக் காற்று ஏறும். மூடிய சதுரங்களாகப் பூசுங்கள். மூட்டுகளுக்குச் சிவப்பு ரேப், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் கான் ஃபோம் (ரின்னில் வரும் நுரை). 25×30 அடி பேஸ்மென்ற்றின் சுற்றளவு 110 அடி, 8 அடி உயரத்துக்கு 880 சதுர அடி. 2×8 அடிப் பலகை 55 வேண்டும், சேதாரத்தோடு 60 வாங்குங்கள். 16 அங்குல இடைவெளியில் ஸ்ரட் 83, மூலைகளும் ஜன்னல்களும் சேர்ந்தால் நூறை நெருங்கும். அடிக்கட்டை 110 அடியும் பிரஷர் ட்ரீற்றெட் மரம், அதன் கீழே நுரைப்பட்டி.

ஸ்பிரே ஃபோம் (மூடிய செல்) அங்குலத்துக்குச் சுமார் R-6, மூன்று அங்குலத்தில் R-18. காற்றுத் தடை, ஈரத்தடை, இன்சுலேஷன் மூன்றும் ஒரே பொருள். கரடுமுரடான பழைய கல், புளொக் சுவர்களில் பலகை ஒட்டாது. அங்கே இதுவே சரி. இடத்திலும் மிச்சம்: ஸ்ரட்டை ஓர் அங்குலம் தள்ளி நிறுத்தி அதன் பின்னாலும் அடித்தால் ட்றைவோலோடு 5 அங்குலம் போதும், பலகை முறைக்கு 6. மேலே சொன்ன அளவு வீட்டில் அந்த ஓர் அங்குலம் ஒன்பது சதுர அடி.

மூன்றிலும் விலை கூடியது இதுதான். பிழை நடந்தால் திருத்தவும் இதுதான் கடினம். ஒரே முறையில் 2 அங்குலத்துக்கு மேல் அடித்தால் உள்ளே சூடேறிக் கருகும். இரு திரவங்களின் கலவை பிசகினால் மீன்நாற்றம் போகவே போகாது, சுரண்டி எடுக்க வேண்டிவரும். சான்றிதழ் உள்ளவரே அடிக்க வேண்டும். காற்றோட்டம் வைத்து 24 மணி நேரம் வீட்டார் வெளியே இருக்க வேண்டும். பலகையோ ஃபோமோ, நெருப்புக்காக அரை அங்குல ட்றைவோலால் மூடாமல் விடக் கூடாது. ஃபர்னஸ் அறையிலும் அப்படியே.

1970க்குப் பின் கட்டிய, ஊற்றிய கொங்கிறீற் சுவருள்ள வீட்டுக்கு எங்கள் தெரிவு பலகை. மேல்தளத்தைத் தாங்கும் ஜொயிஸ்ற் மரங்கள் சுவரில் உட்காரும் ரிம் பகுதிக்கு மட்டும் ஸ்பிரே ஃபோம்: அங்கே பஞ்சைத் திணித்தால் ஜனவரியில் ஆணி முனைகளில் வெண்பனி பூத்து, மார்ச்சில் சொட்டும். செங்கல் வெளிச்சுவருள்ள பழைய வீடு என்றால் முதலில் கட்டட எஞ்சினியரிடம் காட்டுங்கள். உள்ளே சூட்டை நிறுத்தினால் வெளிச் செங்கல் நனைந்து உறைந்து உதிரக்கூடும்.

தரையில் தெரிவு உயரத்தால் முடிவாகும். 1 அங்குல நுரைப்பலகையும் 5/8 பிளைவூட்டும் காலுக்கு இதமாக இருக்கும். கொங்கிறீற்றின் மேல் நேரே வைனில் பலகை குளிரும், ஆனால் தண்ணீர் வந்தால் கழற்றிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். குமிழ் அடியுள்ள 7/8 அங்குலச் சதுரங்கள் நடுவழி; அவற்றின் மரச்சீவல் பலகை வெள்ளத்தில் ஊதிவிடும்.

வாடகை யூனிற் ஆக்கும் எண்ணம் இருந்தால் ஒன்ராறியோ கட்டட விதி 1.95 மீற்றர் கூரை உயரம் கேட்கிறது. பீம், டக்ற் கீழே 1.85. ஜொயிஸ்ற்றின் அடி தரையிலிருந்து 80 அங்குலம் என்று வையுங்கள். கூரைக்கு ட்றைவோலைப் பிடிக்கும் உலோகச் சனல் அரை, ட்றைவோல் 5/8. தரைக்குப் பலகை 1, பிளைவூட் 5/8, வைனில் கால்: மூன்று அங்குலம் போய் 77 மிஞ்சும். விதிக்கு 76¾ வேண்டும். தரை ஓரிடத்தில் அரை அங்குலம் மேடாக இருந்தால் போச்சு, அந்த வீட்டில் வைனில் மட்டும்தான். நேரே வெளியே போகும் கதவில்லாத தளத்தின் படுக்கையறை ஜன்னல் 0.35 சதுர மீற்றர் திறக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. 15 அங்குல உயர ஜன்னலுக்கு இது கிட்டத்தட்ட 36 அங்குல அகலம். பழைய சிறு ஜன்னல் தேறாது, சுவரை அறுக்க வேண்டும்.

விற்கும்போது பேஸ்மென்ற் பரப்பு மண்ணுக்கு மேலான பரப்போடு சேராது. பெறுமதி கூடுவது பெர்மிற்றும் வாடகை யூனிற்றாகும் தகுதியும் இருந்தால்தான். பெர்மிற் இல்லாத இடத்துக்கு விளம்பரத்தில் ‘பேஸ்மென்ற்றுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று வந்துவிடும், வாங்குபவரும் அதைச் சொல்லியே விலை பேசுவார்.

இன்சுலேஷன் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து ட்றைவோல் ஏறுவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரிய வைத்துப் படம் எடுங்கள். குழாய், வயர், ரேப் ஒட்டிய மூட்டு எல்லாம் தெரியட்டும். அந்தப் படங்களை பெர்மிற் தாள்களோடு சேர்த்து வையுங்கள்.