சாப் 9-5 ஏரோ: கம்பெனி மூடிவிட்டது, வண்டியை வாங்கலாமா?

ஸ்வீடன் கார் நிறுவனமான சாப் 2011 டிசம்பரில் திவாலானது. ஆனாலும் அதன் முதல் தலைமுறை 9-5 ஏரோவைத் தேடி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2.3 லிட்டர் டர்போ எஞ்சின், ஆரம்பத்தில் 230 குதிரைத்திறன், 2002 மாடலிலிருந்து 250. மேனுவல் வண்டியில் 2000 ஆர்பிஎம்முக்கு முன்பே 350 நியூட்டன் மீட்டர் டார்க் வந்துவிடும். நெடுஞ்சாலையில் கியரைக் குறைக்காமலே முந்தலாம். இருக்கைகள் அருமை. தாராளமாக வாங்கலாம், ஆனால் எஞ்சினுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான்.

இந்த எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் ஆயில் சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், சேரும் கரிச்சகதி. 2003 வரை வந்த வண்டிகளில் எஞ்சினுக்குள் கசியும் வாயுவை வெளியேற்றும் பிசிவி அமைப்பு போதுமானதாக இல்லை. புகையைச் சுத்தம் செய்யும், கொதிக்கும் சூடுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் சம்ப்பை ஒட்டியே இருப்பதால் ஆயில் அங்கேயே வேகிறது. ஆயில் மாற்றும் இடைவெளியையும் நீட்டினால் கேட்கவே வேண்டாம். சம்ப்பைக் கழற்றி ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையைப் பாருங்கள்: கெட்ட எஞ்சினில் காபித்தூள் மாதிரி கரிமணிகள் வலைக்கண்களை மூடியிருக்கும். அந்த அடைப்பால் ஆயில் அழுத்தம் விழுந்து, பேரிங்கும் டர்போவும் டைமிங் செயினும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உலோகம் தேன் நிறத்தில் தெரிய வேண்டும். தார் போல ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். மேலே சுத்தமாக இருந்து கீழே வலை அடைத்திருப்பதும் உண்டு, அதனால் மூடியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் செய்தவுடன் செயின் சலசலத்து அடங்காமல் நீடித்தால் தேய்மானம்தான். சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்கினால் பேரம் பேசவே வேண்டாம். அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான் அந்த விளக்கு எரியும்.

சம்ப்பைக் கழற்றுவது பெரிய ரகசியமில்லை. ஆயிலை வடித்து, எக்ஸாஸ்ட்டின் முன்குழாயை விடுவித்து, சுற்றியுள்ள போல்ட்டுகளை எடுக்க வேண்டும். வலையைச் சுத்தம் செய்யும்போது உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) கட்டாயம் மாற்றுங்கள். பழையது இறுகிப் போயிருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். 2004 மாடல் முதல் வந்த மேம்பட்ட பிசிவி கிட்டைப் பழைய வண்டியிலும் பொருத்தலாம். பொருத்திய பில் இருந்தால் வண்டிக்கு அது பெரிய பலம். சகதி இருக்கும் எஞ்சினில் ஃப்ளஷ் கெமிக்கல் ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கின் பேச்சைக் கேட்காதீர்கள். இளகும் கரி நேராக வலைக்குத்தான் போகும்.

அடுத்தது இக்னிஷன் கேசட். நான்கு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் மின்சாரம் தரும் ஒரே கறுப்புப் பெட்டி. போகப்போகிறது என்றால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது திக்கும். சில சமயம் எச்சரிக்கையே இல்லாமல் வண்டி நின்றுவிடும். இந்த எஞ்சின் பிளக் வழியாகவே நாக்கிங்கையும் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதை) கண்டறிவதால் கண்ட பிளக்கைப் போடக் கூடாது. என்ஜிகே பிஎஃப்ஆர்6ஹெச்-10 சரியானது. வேலை செய்யும் கேசட் ஒன்றை டிக்கியில் வைத்திருப்பது இந்த வண்டிக்கு ஸ்டெப்னி மாதிரி. சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் கேசட்டைக் குற்றம் சொல்வதற்கு முன் எஞ்சின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். டர்போ மந்தமாக இருந்தால் பெரும்பாலும் டர்போ கெட்டிருக்காது, வெடித்த வேக்குவம் ஹோஸ்தான் (மெல்லிய ரப்பர் குழாய்) காரணம். ஹோஸ்களை முழுசாக மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

உதிரி பாகங்கள்? கம்பெனி போனாலும் ஓரியோ என்ற ஸ்வீடன் நிறுவனம் சாப் பாகங்களின் வினியோகத்தைத் தொடர்ந்தது. ஃபில்டர், பிரேக், புஷ், சென்சாருக்குத் திண்டாட்டம் இல்லை. ஏரோ பம்பர், உள்ளலங்காரத் துண்டுகள், நல்ல லெதர் இருக்கை எல்லாம் பிரித்து விற்கும் வண்டிகளில்தான் கிடைக்கும். சஸ்பென்ஷன் தேய்ந்து உள்பக்கம் முழுமையாக இருக்கும் வண்டியை எடுங்கள், மறுதலையானதை வேண்டாம். டாஷ்போர்டு டிஸ்ப்ளேயில் எழுத்துகள் பாதி மறைந்திருப்பது சகஜம், உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிளைச் சரிசெய்பவர்கள் உண்டு. பின்சக்கர வளைவுகளில் துரு பாருங்கள்.

சாவி இரண்டும் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். புதுச் சாவியை வண்டியோடு சேர்க்க டெக் 2 என்ற சாப் கணினிப் பரிசோதனைக் கருவி தேவை, அதை வைத்திருக்கும் பட்டறை எல்லா ஊரிலும் இல்லை. அப்படி ஒரு பட்டறை உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், பிறகு முன்பணம் கொடுக்கலாம். வாங்கிய அன்றே முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40 ஆயில் 4 லிட்டரும் புது ஃபில்டரும் போட்டு, 1000 கிலோமீட்டரில் ஒருமுறை, அதன் பிறகு 8000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள்.