எறும்பு மருந்தா, தச்சு ஆசாரியா? காட்டோர ஓட்டு வீடுகளுக்கு எது உதவும்

எறும்புக்கு எந்த மருந்து நல்லது என்று யாராவது கேட்டால், தரையில் விழுந்து கிடக்கும் தூள் எப்படி இருக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, களியல், கீரிப்பாறை, தடிக்காரன்கோணம் என்று மலையடிவாரத்தில் நிற்கும் பழைய ஓட்டு வீடுகளில் மரம் அதிகம். அயனி உத்திரம், பலாக் கதவு, தேக்குத் தூண், மச்சுக்குப் பலகை, மூலையில் நெல் போடும் ஒரு பத்தாயம். சுற்றிலும் ரப்பர், அதைத் தாண்டினால் காடு. போதாததற்கு வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். நாகர்கோவிலில் கான்கிரீட் வீட்டுச் சீனி டப்பாவுக்கு வரும் எறும்பும் இங்கே வரும் எறும்பும் ஒரே கதை இல்லை. அங்கே எறும்பு பெரும்பாலும் வந்து போகிற ஆள். இங்கே அது வீட்டு மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்து வாங்குவதால்தான் பணமும் போய், எறும்பும் போகாமல் நிற்கிறது.

முதலில் அந்தத் தூள். ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் வாரி, வெயிலில் வைத்துப் பாருங்கள். இழை இழையாக, சீவிய மரத்தூள் போல இருந்து, நடுவில் பூச்சிக் கால், இறக்கைத் துண்டு, செத்த எறும்பின் தலை எல்லாம் கலந்து கிடந்தால் அது கட்டெறும்பின் வேலை. கூட்டைச் சுத்தம் செய்து வெளியே தள்ளிய குப்பை அது. கசகசா போலக் கெட்டியான குருணைகளாக, ஆறு பட்டையோடு இருந்தால் உலர்மரக் கரையான். முகத்துக்குப் போடும் பவுடர் போல மிருதுவாக, மரத்தில் குண்டூசி அளவு வட்டத் துளைகளோடு இருந்தால் உளுப்பு வண்டு. ரப்பர் மரத்தில் செய்த கட்டிலிலும் அலமாரியிலும் இதை நிறையப் பார்க்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இவை போக, சுவரில் மண் குழாய் ஏறியிருந்தால் அது மண்ணிலிருந்து வரும் கரையான், நம்மூரில் பலர் சிதல் என்று சொல்வது.

மழை பெய்து ஓய்ந்த அந்தியில் விளக்கைச் சுற்றி இறக்கைப் பூச்சிகள் மொய்க்கும்போதும் இதே குழப்பம் வரும். ஈசலுக்கு இடுப்பே இருக்காது, நான்கு இறக்கையும் ஒரே நீளம், தொட்டால் உதிர்ந்துவிடும். இறக்கை எறும்புக்கு இடுப்பு ஒட்டி இருக்கும், முன்னிறக்கை நீளம், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். வெளியிலிருந்து பறந்து வந்தால் கவலை இல்லை. மச்சுக்குள்ளிருந்தோ கதவு நிலைக்குள்ளிருந்தோ கிளம்பினால், அங்கே கூடு இருக்கிறது என்று அர்த்தம்.

கட்டெறும்பைப் பற்றி ஒன்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது மரத்தைத் தின்பதில்லை. கட்டெறும்பில் பல இனம் உண்டு. மண்ணிலும் மரத்தடியிலும் கூடு வைப்பவைதான் நம் கண்ணில் அதிகம் படும். சில இனங்கள் மரத்தைக் குடைந்து கூடு வைக்கும், அதற்கும் பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் பட்டு இற்றுப்போன மரத்தைத்தான் தேடும். குடைந்த வழி உள்ளே வழவழவென்று சுத்தமாக இருக்கும். கரையான் வழியில் மண் அப்பியிருக்கும். ஆக, உத்திரத்தில் கட்டெறும்பு குடியேறியிருந்தால் அங்கே ஓடு ஒழுகியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மற்ற எறும்புகளை வேகமாகப் பார்த்துவிடலாம். அடுக்களையில் அங்கும் இங்கும் தறிகெட்டு ஓடும் சின்னக் கறுப்பு எறும்பு, பிள்ளையார் எறும்பு, கடிக்காது. உணவை மூடிவைத்து, வரும் வழியைத் துடைத்தால் பாதி வேலை முடிந்தது. கடித்தால் தீயாக எரியும் சிவப்பு எறும்பு மண்ணில் இருப்பது, முற்றத்தின் தளவெடிப்பு வழியாக ஏறும். நீண்ட காலோடு மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், படையாக வரும் மஞ்சள் பைத்திய எறும்பு தனி ரகம். 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை ஓரத்து ஊர்களில் ஆடுமாடுகளைப் பாடாய்ப் படுத்தியது அதுதான். கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும், கண்ணில் பட்டால் ஆபத்து. அந்த அளவுக்குக் கூட்டம் வந்தால் ஒரு வீட்டு வைத்தியம் போதாது, ஊரோடு சேர்ந்து வேளாண் துறையையும் வனத்துறையையும் கூப்பிட வேண்டியதுதான்.

ஸ்பிரேயா, இரையா?

கடைக்குப் போனால் முதலில் கையில் எடுப்பது ஸ்பிரே. அடித்த மாத்திரத்தில் எறும்பு சுருண்டு விழும். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் வெளியே இரை தேடித் திரிவது கூட்டத்தில் ஒரு பகுதிதான். ராணியும் குஞ்சுகளும் உள்ளே பத்திரமாக இருக்கும். பல ராணிகள் வைத்திருக்கும் சில சின்ன எறும்பு இனங்களில் நிலைமை இன்னும் மோசம். மருந்து வாடை பட்டதும் கூட்டம் இரண்டு மூன்றாகப் பிரிந்து, வீட்டின் வேறு வேறு மூலைகளில் புதிதாகக் குடியேறும். அடிக்க அடிக்கப் பெருகுகிறதே என்று சிலர் சொல்வது வெறும் பிரமை இல்லை. மரவீட்டில் இன்னொரு பயமும் உண்டு. டப்பா ஸ்பிரேயில் எரியக்கூடிய வாயு இருக்கிறது. எறும்பு மொய்த்த சுவிட்ச் பெட்டிக்குள் அதை அடிப்பது, பழைய ஒயரிங் உள்ள வீட்டில் கூடவே கூடாது.

எறும்புச் சாக்பீஸும் ஸ்பிரேயின் தம்பிதான், பைரித்ராய்டு வகை மருந்து. கோடு நனையாத இடத்தில் கொஞ்ச நாள் தடுக்கும். கதவிடுக்குக்குப் பரவாயில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் போலவே இருப்பதால் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். இந்த வகை மருந்துகள் மீனுக்கு நஞ்சு என்பதால், கழுவிய தண்ணீர் குளத்துக்கோ ஓடைக்கோ போகாமலும் பார்க்க வேண்டும்.

இரை, அதாவது நஞ்சு கலந்து வைக்கும் தீனி, இதற்கு நேர் எதிர். மெதுவாகக் கொல்வதுதான் அதன் பலமே. வளர்ந்த எறும்பால் திரவத்தை மட்டும்தான் விழுங்க முடியும். வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய், கூட்டில் மற்றவற்றுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டும். நஞ்சு மெதுவாக வேலை செய்தால்தான் அது ராணி வரை போய்ச் சேரும். மருந்துக் கடையில் கிடைக்கும் போரிக் ஆசிட் பவுடர் இதற்குப் போதும். அரை லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சீனி, 5 கிராம் போரிக் ஆசிட், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். நன்றாகக் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் வைத்து எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் சாகும் என்று நினைப்பதுதான் இதில் எல்லாரும் செய்யும் தவறு. கூடினால் எறும்பு தொடாது, தொட்டாலும் வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

வைத்த முதல் இரண்டு நாள் எறும்பு அதிகமாகத் தெரியும். பயந்து ஸ்பிரே எடுத்துவிடாதீர்கள், அந்த வரிசையைத் துடைக்கவும் வேண்டாம். புளித்துப் போகும் முன் கரைசலை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். சில நேரம் சீனியைச் சீந்தவே சீந்தாது. கூட்டில் குஞ்சுகள் நிறைய இருக்கும்போது கெட்டியான புரதச் சாப்பாட்டைத் தேடும். அதனால் மருந்து கலக்கும் முன் ஒரு காகிதத்தில் சீனித்தண்ணீர் ஒரு சொட்டு, கருவாட்டுத் துண்டு ஒன்று, தேங்காய்ப் பூ கொஞ்சம் வைத்து, எதை மொய்க்கிறது என்று பார்த்துவிட்டால் நல்லது.

கடையில் ஊசிக்குழாயில் வரும் ஜெல்லும் இதே தத்துவம்தான். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் போன்ற மருந்து மிகக் குறைந்த அளவில் இருக்கும். விலை அதிகம், ஆனால் அளவு பிசகாது, உயரமான இடுக்கிலும் ஒரு பொட்டு வைத்துவிடலாம். மச்சுப் பலகைக்கு ஜெல், அடுக்களைத் தரைக்குச் சீனிக் கரைசல் என்று பிரித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. கரப்பானுக்கான ஜெல்லை எறும்புக்கு வைத்தால் பல நேரம் தொடாது, அட்டையைப் படித்து வாங்குங்கள். எதுவானாலும் குழந்தை, பூனை, கோழி எட்டாத இடத்தில், ஓட்டை போட்ட மூடிய டப்பாவுக்குள் வைப்பது கட்டாயம். போரிக் ஆசிட் பார்க்க உப்பும் சீனியும் போலவே இருக்கும். டப்பாவில் பெரிதாக எழுதி, அடுக்களைக்கு வெளியே வையுங்கள்.

மஞ்சள், மிளகாய்ப்பொடி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் எறும்பு போட்டுவைத்த வாடைத் தடத்தை மறைக்கும். சில மணி நேரம் வழி மாறும், அவ்வளவுதான். சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே அதைவிட நன்றாக வேலை நடக்கும். அலமாரிக் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழைய வழக்கம் மட்டும் உண்மையிலேயே பலன் தரும், ஆனால் அந்தத் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை ஊற்றிக் கழுவித் தேய்க்க முடியாதவர்கள் தேங்காயெண்ணெய் விட்டு வைக்கலாம்.

விளையிலிருந்து, அதாவது தோட்டத்திலிருந்து, வீட்டுக்குள் வரும் நஞ்சு

நம் மாவட்டத்தில் நான் உண்மையாகவே பயப்படுவது இதற்குத்தான். வாழைக்குப் போட வைத்திருந்த பூச்சிமருந்துக் குருணையை நிலைப்படியில் தூவுவது, விறகுப்புரையில் எப்போதோ வாங்கி வைத்த வெள்ளைப் பொடியை மச்சில் கொட்டுவது. பி.எச்.சி. என்ற பழைய பூச்சிப் பொடி 1997லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மெத்தில் பாரத்தியானும் கார்பரிலும் 2018இல் தடையாயின. திமெட் என்று கேட்டு வாங்கிய போரேட் குருணைக்கு 2020 கடைசியோடு தடை வந்தது. கார்போஃபியூரான் குருணை வயலுக்கும் விளைக்கும் உரியது, ஒரு கோழி கொத்தினாலே செத்துவிடும். இவற்றை எறும்பு மருந்தோடு ஒப்பிடவே கூடாது, பழைய டப்பா இருந்தால் வேளாண் அலுவலகத்தில் கேட்டு அகற்றுங்கள். உத்திரத்து ஓட்டையில் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றுவதும் இதே ரகம்தான். காய்ந்த மரமும் பழைய ஒயரும் உள்ள வீட்டில் அது தீக்குத் திரி போட்ட மாதிரி.

பூச்சி மருந்து ஆளா, ஆசாரியா?

ஆள் கூப்பிட வேண்டிய நிலை வந்தால், யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் பெரிய செலவு முடிவாகிறது. மருந்தடிக்க வருபவர்களில் சிலர், எறும்பு என்று சொன்னாலும் கரையான் சிகிச்சையைத்தான் விலை பேசுவார்கள். சுவரோரம் தளத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு துளை வீதம் போட்டு, குளோர்பைரிபாஸ் போன்ற மருந்தை மண்ணுக்குள் செலுத்துவது அது. கட்டி முடித்த கட்டடங்களுக்கான அந்த முறை ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது, மண்ணிலிருந்து ஏறும் கரையானுக்கு நல்ல முறை. மச்சில் கூடு வைத்த கட்டெறும்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதோடு, நம் பழைய வீடுகளில் கிணறு அடுக்களையை ஒட்டியே இருக்கும். குடிநீர்க் கிணற்றில் மருந்து கலக்கக் கூடாது என்று அந்தத் தரநிலையே எச்சரிக்கிறது. கரையானுக்கே ஆனாலும், கிணறு எவ்வளவு தூரம், தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேட்காமல் துளை போட வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்ன பூச்சி என்று காட்டாமல் விலை சொல்பவரையும்தான்.

ஆசாரி வந்தால் வேறு விதம். ஸ்குரூ டிரைவரால் உத்திர முனையைக் குத்திப் பார்ப்பார், தட்டிக் கேட்பார். பொத்தலாகச் சத்தம் வரும் இடம் தெரிந்துவிடும். அநேகமாக அது இறவாரத்துப் பக்கம் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) முனையாகவோ, அங்கணத்தை ஒட்டிய கதவு நிலையின் அடியாகவோ இருக்கும். உடைந்த ஓடுகளை மாற்றி, இற்றுப்போன துண்டை வெட்டியெடுத்து, நல்ல மரம் ஒட்டு வைத்து, மீதிக் குடைவுக்குள் கொஞ்சம் போரிக் பொடியை ஊதிவிட்டால் எறும்புக்கு அங்கே திரும்பி வர ஒன்றும் இருக்காது. மருந்து ஒரு மழைக்காலம் தாங்கும் என்றால் காய்ந்த மரம் பல வருஷம் தாங்கும். மருந்துக்குப் போகும் காசை முதலில் ஓட்டுக்கும் ஆசாரிக்கும் கொடுங்கள், மிச்சம் இருந்தால் ஜெல் வாங்குங்கள் என்பேன்.

எங்கே கூடு என்று ஆசாரிக்குக் காட்டுவது உங்கள் வேலை. கட்டெறும்பு ராத்திரியில்தான் அதிகம் நடமாடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி, எட்டு மணிக்கு மேல் வரிசையைப் பின்தொடருங்கள். கேபிள் ஒயர், தண்ணீர்க் குழாய், கூரையில் உரசும் மாங்கிளை, இந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும். பல நேரம் வீட்டுக்குள் இருப்பது கிளைக் கூடுதான். ராணி வெளியே ஏதோ ஒரு பட்ட மரத்தில் இருப்பாள். உள்ளே எத்தனை முறை ஒழித்தாலும் அந்த வழியாகத் திரும்ப வரும். கூரையிலிருந்து ஒரு ஆள் நீளத்துக்காவது கிளையைக் கழித்துவிடுங்கள். சுவரில் சாய்த்த விறகையும் கதம்பை (தேங்காய் உரிமட்டை) குவியலையும் தள்ளிப் போடுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால் அது சுரக்கும் இனிப்புக்காகவே எறும்பு வீட்டைச் சுற்றும், சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து அடித்தால் போதும்.

அதே மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருக்கும் முசுறை மட்டும் விட்டுவிடுங்கள். அது வீட்டு மரத்தில் கூடு வைக்காது, மாவிலும் கொல்லாமா என்னும் முந்திரியிலும் பூச்சிகளைப் பிடித்துத் தின்று நமக்கு வேலை செய்கிறது. கூரையில் தொடும் கிளையை வெட்டும்போது கூடு உள்ள கொப்பாக இருந்தால், வெயில் ஏறும் முன் கயிறு கட்டி இறக்கி, அடுத்த மரத்தில் சாய்த்து வைத்தால் அதுவே ஏறிக்கொள்ளும். இந்த வேலைகளை எல்லாம் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுவது நல்லது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் ஆசாரி ஓட்டில் ஏற மாட்டார்.