புதுசு என்று பில் போட்டுப் பழைய ரீலோடிங் பிரஸ்ஸை விற்கிறார்கள்: டல்லாஸ் பக்கம் இருப்பவர்கள் கவனம்

டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு வரும் தம்பி ஒருவர் போன வாரம் அழைத்தார். "அண்ணா, ஒரு கடையில எட்டு ஸ்டேஷன் பிரஸ் செட்டப் பண்ணி ரெடியா வெச்சிருக்காங்க. தயாரிப்பாளர்கிட்ட ஆர்டர் போட்டா மாசக்கணக்குல காத்திருக்கணுமாம். அட்வான்ஸ் கட்டிடலாமா?" என்று கேட்டார். கடை எது என்று கேட்டேன். வீட்டிலேயே தோட்டா செய்யும் இந்த இயந்திரத்தை எனக்கு விற்ற அதே கடை. சொன்னதும் அதே வார்த்தைகள். பணம் கட்டாதே என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இந்தப் பதிவு. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

முதலில் ஒரு விஷயம். இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான பதிவு. இங்கே சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்கக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கேயும் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகு இதில் இறங்குவதே நிம்மதி.

தெரியாதவர்களுக்காக: சுட்டு முடித்த பித்தளை கேஸை, அதாவது தோட்டாவின் வெளிக்கூட்டை, தூக்கி எறியாமல், பவுடரைப் பற்றவைக்கும் பழைய பிரைமரை வெளியே தள்ளி, புது பிரைமர் வைத்து, பவுடர் (வெடிமருந்து) போட்டு, நுனியில் பாய்ந்து போகும் புல்லட்டைப் பொருத்துவதுதான் ரீலோடிங். சாதாரண பிரஸ்ஸில் ஒவ்வொரு வேலையும் தனித்தனியாக நடக்கும். புரோகிரசிவ் பிரஸ்ஸில் கேஸ்களைத் தாங்கும் ஷெல் பிளேட் என்ற வட்டத் தட்டு, ஒவ்வொரு வேலைக்கும் உரிய இடத்துக்கு, அதாவது ஸ்டேஷனுக்கு, சுற்றிக்கொண்டே இருக்கும். கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா முழுமையாகி வெளியே விழும். வேகம்தான் இதன் பலம். ஆபத்தும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு கேஸில் பவுடர் விழாமல் போனாலோ இரண்டு தடவை விழுந்தாலோ, கை ஓடுகிற வேகத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நான் கடைக்குப் போனபோது கேட்டவை மூன்றே கேள்விகள். இது புதியதா? உத்தரவாதம் யார் தருகிறார்கள்? பவுடர் அளவு தவறினால் சத்தம் போடும் பவுடர் செக் வேலை செய்கிறதா? புதியது, பெட்டியைப் பிரித்துச் செட்டப் மட்டும் நாங்கள் செய்தோம் என்றார் விற்பனையாளர். தயாரிப்பாளரின் ஆயுள் உத்தரவாதம் உண்டு என்றார். பவுடர் செக் பொருத்திச் சோதித்தாகிவிட்டது என்றார். பில்லில் "புதியது" என்று எழுதச் சொன்னேன், எழுதிக் கொடுத்தார். செட்டப் கட்டணம், பவுடர் செக், 9 எம்எம் டைகள் (தோட்டாவின் அளவுக்கேற்ற அச்சுகள்), வரி எல்லாம் சேர்த்து 3,000 டாலரை ஒட்டி வந்தது. கிரெடிட் கார்டில் கட்டினேன்.

வீட்டில் மேசையில் பூட்டிய உடனேயே சந்தேகம் வந்தது. பழைய பிரைமர் வெளியேறும் வழியில் கரி அப்பியிருந்தது. நான்கைந்து தோட்டா செய்து சோதித்ததால் படிந்த கரி அல்ல அது. ஈரத் துணியில் துடைத்தால் அடுக்கடுக்காக வந்தது. ஷெல் பிளேட்டின் விளிம்பு தேய்ந்து கூர் எடுத்திருந்தது. பிரைமர் குத்தும் ஊசியின் முனை மழுங்கியிருந்தது.

அடுத்து, கேஸில் பவுடரை அளந்து போடும் பவுடர் மெஷர். புல்லட் வைக்காமல் வெறும் கேஸ்களில் பவுடரை மட்டும் போட்டு, ஒவ்வொன்றையும் எடுத்துத் தராசில் நிறுத்தேன். எந்த பிரஸ்ஸாக இருந்தாலும் இதைச் செய்யாமல் ஒரு தோட்டாவைக் கூட முடிக்கக் கூடாது. 9 எம்எம் மாதிரிச் சின்ன கேஸில் ஒரு கிரெய்னில் (பவுடரையும் புல்லட்டையும் நிறுக்கும் சின்ன எடை அளவு) பத்தில் ஒரு பங்கு கூடக் குறைய விழுவது சகஜம். இங்கே ஒன்று சரியாக இருந்தது, அடுத்தது கணிசமாகக் குறைந்தது, ஒன்றிரண்டில் பாதிதான் இருந்தது. காரணத்தைத் தேடினால், ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும், பவுடரை அளக்கும் பட்டையான பவுடர் பாரைப் பழைய இடத்துக்கு இழுத்து வரும் ஃபெயில்சேஃப் கம்பியின் நட்டும் ஸ்பிரிங்கும் இல்லவே இல்லை. கம்பி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படிப் பவுடர் குறைந்தால் கூவ வேண்டியது பவுடர் செக். அது கூவவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் பஸ்ஸருக்குப் போகும் வயரை யாரோ வெட்டியிருக்கிறார்கள். தானாக அறுந்த வயர் இல்லை, வெட்டியது. முன்பு இதை ஓட்டியவர்கள் அடிக்கடி சத்தம் வருகிறதே என்று வெட்டியிருக்கலாம். அதைச் சோதித்துவிட்டதாக என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது கோபம் வராதவர்களுக்கு, என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பவுடர் குறைந்த தோட்டாவில் பிரைமர் வெடிக்கும், புல்லட் நகரும், ஆனால் குழலைத் தாண்டி வெளியேற வலு இருக்காது. பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். இதை ஸ்குவிப் என்பார்கள். போட்டியில் அடுத்தடுத்துச் சுடும் வேகத்தில், அந்த மெல்லிய சத்தத்தைக் கவனிக்காமல் அடுத்த விசையை அழுத்தினால், அடைத்த குழலுக்குள் இன்னொரு புல்லட் போய் முட்டும். குழல் வீங்கலாம், வெடிக்கலாம். சுடுபவரின் கையும் கண்ணும் பக்கத்தில் நிற்பவரும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். என் மகளும் என்னோடு சுடும் ரேஞ்சுக்கு வருகிறவள். அதனால்தான் இதைப் பண நஷ்டம் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

அடிப்பாகத்தில் இருந்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரை அழைத்தேன். பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவருக்கு அனுப்பிய இயந்திரம் என்றார்கள். புது மாடல் கூட இல்லை, அதற்கு முந்தையது. ஆயுள் உத்தரவாதம் இந்த ரகத்துக்கு எப்போதுமே இருந்ததில்லையாம். கடைக்காரர் சொன்ன மூன்று பதில்களும் பொய்.

உத்தரவாத விஷயத்தில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அரிசோனாவைச் சேர்ந்த டில்லன் நிறுவனத்தின் 550, 650, 750 வரிசை பிரஸ்களுக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு. இரண்டாவது கையில் வாங்கியவருக்கும் பாகம் அனுப்புவார்கள் என்பது ரீலோடிங் செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே நிறுவனத்தின் எட்டு ஸ்டேஷன் 1050 வரிசை வணிக உபயோகத்துக்கான இயந்திரம் என்ற கணக்கில் விற்கப்பட்டது. அதற்கு அந்த ஆயுள் உத்தரவாதம் கிடையாது. 2019இல் 650க்குப் பதில் 750ம், 1050க்குப் பதில் ஆர்எல் 1100ம் வந்தன. சின்ன ரகத்தின் நல்ல பெயரை அதிக விலையுள்ள பெரிய ரகத்தின் மேல் ஒட்டி விற்பதுதான் இந்தக் கடையின் தந்திரம். பிரஸ்ஸை வேறு அளவுத் தோட்டாவுக்கு மாற்றும் கன்வர்ஷன் கிட்டிலும் இதே விளையாட்டு. 650 கிட் 750இல் சேரும், 1050 கிட் 1100இல் சேரும். ஒரு வரிசையின் கிட் இன்னொரு வரிசைக்குச் சேராது. எனக்கு இலவசமாகக் கொடுத்த .45 கிட் 650க்கானது. என் 1050 இயந்திரத்தில் அது உட்காரவே இல்லை.

கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் மேலாளர் இல்லை என்றார்கள். பிறகு, செட்டப் செய்த இயந்திரத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பிறகு, எடுக்கிறோம், ஆனால் இருபது சதவீதம் ரீஸ்டாக்கிங் கட்டணம் பிடிப்போம் என்றார்கள். வயர் வெட்டப்பட்டிருப்பதைக் காட்டினேன். "அதை நீங்களே வெட்டியிருக்கலாமே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார் விற்பனையாளர். அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இல்லை.

எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு கார்டு நிறுவனத்தில் தகராறு பதிவு செய்தேன். ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டப்படி, அந்தக் கட்டணம் வந்த முதல் ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இழுத்தடித்து அந்தக் கெடுவைத் தாண்ட வைப்பது இப்படிப்பட்ட கடைகளுக்குக் கைவந்த கலை. டெக்சஸில் இன்னொரு பிடியும் இருக்கிறது. ஏமாற்று வணிக நடைமுறைகளுக்கு எதிரான 1973ஆம் ஆண்டுச் சட்டம், பயன்படுத்திய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 20,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே ஜஸ்டிஸ் கோர்ட்டில் போடலாம். பில்லில் "புதியது" என்று எழுதி வாங்கிய அந்த ஒரு வார்த்தையும் வரிசை எண் பற்றித் தயாரிப்பாளர் அனுப்பிய மின்னஞ்சலும்தான் என் வழக்கின் முதுகெலும்பு. பிரஸ்ஸின் விலையைக் கார்டு நிறுவனம் திருப்பிக் கொடுத்துவிட்டது. செட்டப் கட்டணத்துக்கும் பவுடர் செக்குக்கும் வழக்கு நடக்கிறது.

ஜெல்லில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் Zelle வசதி) அனுப்புங்கள், தள்ளுபடி தருகிறோம் என்று இப்போது அந்தத் தம்பியிடம் கேட்டிருக்கிறார்கள். நாமே அனுப்பிய ஜெல் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அந்தத் தள்ளுபடி எதற்கு என்று புரிந்திருக்கும்.

சரி, நேர்மையான இடத்தில் வாங்கினால் இந்த விலைக்கு அது தகுமா? கடைக்காரர் சொல்லாத கணக்கை நான் சொல்கிறேன். 2020க்கு முன் ஆயிரம் பிரைமர் 30 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. தொற்றுநோய்க் காலத்தில் பிரைமரே கிடைக்காமல் போனது. கிடைத்தாலும் விலை மூன்று மடங்கு. அதன் பிறகு பழைய விலை திரும்பவில்லை. கடைசியாக நான் வாங்கிய விலையில் பிரைமர், பவுடர், புல்லட் எல்லாம் சேர்த்து ஒரு 9 எம்எம் தோட்டாவுக்கு 19 சென்ட் ஆகிறது. கடைத் தோட்டா 25 சென்ட். மிச்சம் ஆறு சென்ட். 3,000 டாலர் இயந்திரத்தின் விலையை மீட்க 50,000 தோட்டா செய்ய வேண்டும். மாதம் ஆயிரம் சுடுபவருக்கு நான்கு வருஷத்துக்கு மேல். அதில் உங்கள் நேரத்துக்குக் கூலி இல்லை.

மணிக்கு ஆயிரம் தோட்டா என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். பிரைமர் குழாய் ஒன்றில் நூறுதான் கொள்ளும்; ஆயிரத்துக்குப் பத்துக் குழாய்களைக் கையால் ஒவ்வொன்றாகக் குத்தி நிரப்ப வேண்டும். நடுவில் நிறுத்திப் பவுடரை நிறுக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் அதில் பாதி.

அப்படியானால் யாருக்குத் தேவை? யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டிச் சங்கம்) ஓப்பன் பிரிவில் மேஜர், அதாவது வலு கூடிய தோட்டா, சுடுபவர்களுக்குத் தேவை. புல்லட்டின் எடையை (கிரெய்னில்) வேகத்தால் (நொடிக்கு இத்தனை அடி) பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 165 வர வேண்டும். சாதாரணக் கடைத் தோட்டாவில் அது வராது, செய்துதான் ஆக வேண்டும். ரேஞ்சில் பொறுக்கிய ராணுவக் கேஸ்களை நிறைய உபயோகிப்பவர்களுக்கும் தேவை. வட்டத்துக்குள் சிலுவைக் குறி போட்ட கேஸ்களில் பிரைமர் குழியின் ஓரம் கிரிம்ப் செய்யப்பட்டு இறுகியிருக்கும். எட்டு ஸ்டேஷன் பிரஸ் ஓடும்போதே அதை ஸ்வேஜ் செய்துவிடும், அதாவது அழுத்தி விரித்துவிடும். அந்த ஒரு வசதிக்காகவே அதை விரும்புகிறவர்களை மதிக்கிறேன், நானும் அதற்காகத்தான் போனேன். மற்றவர்களுக்கு ஐந்து ஸ்டேஷன் பிரஸ்ஸும், கேஸ்களைத் தானாக ஊட்டும் கேஸ் ஃபீடரும் போதும், ஏறக்குறைய பாதி விலை. மாதம் முந்நூறு, நானூறு சுடுபவர் நான்கு ஸ்டேஷனே வாங்கலாம். ஆனால் அதில் ஷெல் பிளேட்டைக் கையால் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் ஒரே கேஸில் பவுடர் இரண்டு முறை விழும் என்பதால், ஒவ்வொரு கேஸுக்குள்ளும் பார்க்கும் பழக்கம் கட்டாயம்.

எங்கே வாங்கினாலும் பணம் கட்டுவதற்கு முன் வரிசை எண்ணைக் கேளுங்கள். தயாரிப்பாளரை அழைத்து அந்த எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள். எண் தர மறுக்கும் கடையில் நிற்காதீர்கள்.

அந்தக் கடையில் ஏற்கெனவே செட்டப் செய்த பிரஸ் வாங்கித் தோட்டா செய்துவிட்டவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அவற்றைச் சுடாதீர்கள். ஃபெயில்சேஃப் கம்பியில் நட்டும் ஸ்பிரிங்கும் இருக்கிறதா என்று பாருங்கள், பஸ்ஸர் வயரைப் பாருங்கள். தோட்டாவிலிருந்து புல்லட்டைக் கழற்றும் புல்லட் புல்லர் வாங்கிச் சிலவற்றைப் பிரித்துப் பவுடரை நிறுங்கள். முடிந்த தோட்டாவை அப்படியே தராசில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கேஸுக்குக் கேஸ் இருக்கும் எடை வித்தியாசமே பவுடரின் எடையை மறைத்துவிடும். ஒன்றில் குறைந்திருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் பிரித்துவிடுங்கள். பில்லின் படத்தையும் வரிசை எண்ணையும் எனக்கு அனுப்பினால் அடுத்த விசாரணையில் சேர்க்கிறேன்.