தென்காசியில் வீல் அலைன்மென்ட்: கேட்டு வாங்க வேண்டிய ஒரு தாள்

டொராண்டோவில் குளிருக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட் என்று டயர் மாற்றுவதால் தேய்மானம் தானாகவே கண்ணில் படும். செங்கோட்டையில் அப்பா ஓட்டும் காரில் அதற்கு வழியில்லை. நின்று பார்த்தால் முன் டயர்களில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுகள், நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்தால், உள் ஓரம் மொழுமொழுவென்று கிடந்தது. புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, புனலூர் என்று போய்வரும் வண்டி. மழைக்காலத்தில் அந்த மலைச்சாலையில் இந்த டயரா என்று எனக்குப் பகீரென்றது.

இந்த டயர்களைப் போட்ட கடையில் அலைன்மென்டுக்கும், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வதற்கும், சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள். அளவெடுத்த தாள் எதுவும் தரவில்லை.

தென்காசியில் வேறொரு கடைக்குப் போனோம். அங்கிருந்த தம்பி மெஷின் பக்கமே போகவில்லை. முதலில் காற்றைப் பார்த்தார். அப்புறம் டயரின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டச் சொன்னார். ஒரு திசையில் வழுக்கியது, திரும்பும்போது ரம்பம் போலப் பிடித்தது. டயர் பக்கவாட்டில் இழுபட்டு ஓடியிருக்கிறது, டோ, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தப்பு என்றார். இரண்டு சக்கரங்களின் முன்பக்கமும் வெளியே விரிந்திருந்தால் உள் ஓரம்தான் தின்னும். கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு கெட்டிருந்தால், ஒரு ஓரம் பிசிறில்லாமல் வழவழப்பாகத் தேயுமாம். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும், கூடினால் நடுவும் போகும்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினார். லொடக்கென்றது.

"டை ராடு எண்டு போயிருச்சு அண்ணாச்சி. இதை மாத்தாம அலைன்மென்ட் பண்ணினா நிக்காது." ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராடு; அதன் முனை மூட்டுதான் எண்டு.

காசை வாங்கிக்கொண்டு மெஷினில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாதது எனக்குப் பெரிய விஷயம். எண்டு மாற்றிய பிறகுதான் சென்சார் மாட்டி, ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி, ராடைத் திருகி டோவைச் சரிசெய்தார். சரிசெய்வதற்கு முந்தைய அளவு, பிந்தைய அளவு இரண்டும் அச்சடித்த தாளைக் கேட்காமலே கொடுத்தார். பல சின்ன கார்களில் டோ மட்டும்தான் திருப்ப முடியும். கேம்பர் சிவப்பாக, அதாவது சரியான அளவுக்கு வெளியே, காட்டினால் எது வளைந்திருக்கிறது என்று தேட வேண்டும். எங்கள் வண்டியில் அது பச்சை.

அந்த இரண்டு டயரும் தேறவில்லை. உள் ஓரத்தில் டயர் பள்ளத்துக்குள் தேய்மான எல்லையைக் காட்டும் 1.6 மில்லிமீட்டர் அடையாள மேடு வரை தேய்ந்துவிட்டதால் புதிது போட்டோம். ஊரில் அப்பா அம்மாவிடம் கார் இருந்தால், அடுத்த முறை போகும்போது ஸ்டியரிங்கை ஒடித்து உள்பக்கம் ஒரு தடவை பாருங்கள். அலைன்மென்ட் செய்தால் இரண்டு அளவும் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள்.