மாத்திரை கட்டர்: வாங்கலாம், ஆனால் எல்லா மாத்திரைக்கும் ஆகாது

மார்த்தாண்டத்தில் ஒரு மெடிக்கலில் வாங்கியது. கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ‘வி’ வடிவப் பள்ளம், மூடியில் பிளேடு. அம்மாவின் கொழுப்பு மாத்திரைக்காக வாங்கினேன். டாக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதியிருந்தார். கடையில் 20 மில்லிகிராம் அட்டைக்கு இரண்டு மடங்கு விலை இல்லை. பாதியாக்கித் தரலாமா என்று அவரிடமே கேட்டேன். சரி என்று சீட்டில் ‘20, அரை மாத்திரை’ என மாற்றி எழுதித் தந்தார்.

வெட்டு நன்றாகவே விழுகிறது. மாத்திரையைப் பள்ளத்தின் மூலை வரை தள்ளி, மூடியை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். தயங்கித் தயங்கி அழுத்தினால் நொறுங்கும். நடுக்கோடு இருந்தால் அது பிளேடுக்கு நேராக வரட்டும். கத்தியில் வெட்டினால் ஒரு பாதி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போகும். இதில் அந்தத் தொல்லை இல்லை. பாதிகள் அச்சாகச் சமமாக இருக்காது. இன்று ஒன்று, நாளை மற்றது என்று போவதால் கொழுப்பு மாத்திரைக்கு அது பெரிய விஷயமில்லை. பிளேடு கூர்மையானது, குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது.

“பத்தையும் ஒண்ணா வெட்டி வச்சிரு மக்களே” என்பார் அம்மா. நான் சம்மதிப்பதில்லை. வெட்டிய பக்கத்தில் ஈரம் ஏறும். இடவப்பாதி மழைக்காலத்தில் நம்ம ஊரில் உப்பே கசிகிறது, மாத்திரை எம்மாத்திரம்!

எனக்குப் பெரிய வருத்தம், எதை வெட்டக் கூடாது என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லாததுதான். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்றிருந்தால் மருந்து மெல்ல மெல்ல இறங்கும் வகை. வெட்டினால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடலாம். பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரைக்கு மேல்பூச்சுதான் காவல். அது உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும். கேப்சூலையும் வெட்டக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினில் அளவு கொஞ்சம் மாறினாலும் ஆபத்து, டாக்டர் சொல்லாமல் கத்தி வைக்கவே கூடாது.

அப்பாவின் பிரஷர் மாத்திரை டெல்மிசார்டன். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், சாப்பிடும் நேரம் வரை அட்டையிலேயே இருக்க வேண்டும். அதனால் அதை வெட்டும் பேச்சே இல்லை. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்தில் அதையே பொதுப்பெயரில் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்.