முகங்களே கடவுச்சொல்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

கைப்பேசியின் கேமரா நம் முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் வசதியைப் பற்றி நான் எழுதவில்லை. இது அதற்கு நேர்மாறானது: முகங்களைப் பார்த்து அடையாளம் காண வேண்டியவர்கள் நாம்தான். திரையில் ஒன்பது முகங்கள் வரும். அவற்றில் ஒன்று, நம் அடையாளமாக முன்பே நமக்குத் தரப்பட்ட வேறொருவர் முகம். அதைத் தொட்டதும் அடுத்த ஒன்பது வரும். இப்படி ஐந்து சுற்று. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் சம்பளப் பதிவேட்டை இப்படித்தான் சில ஆண்டுகளாகத் திறக்கிறோம்.

நீண்ட தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பும் நாளில்தான் இதன் அருமை தெரியும். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மறந்தவர்கள் உதவி கேட்டு வரிசையில் நிற்பார்கள். முகங்களை மறந்தேன் என்று வந்தவரை நான் பார்த்ததில்லை. ஒன்றை நினைவிலிருந்து தேடி எடுப்பது கடினம். கண்டதும் தெரிந்துகொள்வது எளிது. அமெரிக்காவில் 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளியை விட்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆனவர்கள்கூட வகுப்புத் தோழர்களின் படங்களில் சுமார் 90 விழுக்காட்டைச் சரியாகக் காட்டினார்கள்.

எனக்கு மூன்றாம் சுற்றில் வருபவர் நடுவயதுப் பெண். இடப்புருவம் சற்று மெலிந்திருக்கும். சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டது போல உதடுகள் இறுகியிருக்கும். வருணிக்கச் சொன்னால் இதற்கு மேல் எனக்கு வராது. இந்த வருணனை அதே திரையில் இன்னும் இருவருக்குப் பொருந்தும். நான் இந்த முறையை நேசிப்பதற்குக் காரணமே இதுதான். ‘மக்காவ் மோசடி’ என்று இங்கே சொல்லப்படும் தொலைபேசி ஏமாற்று வேலையைச் செய்பவர்கள், காவல்துறை என்றும் வங்கி என்றும் சொல்லி அழைத்து, மிரட்டி, இரகசிய எண்ணைக் கறந்துவிடும் ஊர் இது. மிரண்டு போனாலும் ஒரு முகத்தைத் தொலைபேசியில் ஒப்பிக்க முடியாது.

குறை உண்டு. எங்களுக்குத் தரப்பட்ட முகங்களில் பெரும்பாலானவை வெள்ளையர் முகங்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று நாங்கள் மூவரும் தொடக்கத்தில் ஒரே சுற்றில், பொன்னிற முடி கொண்ட இரு இளைஞர்களிடம் தடுமாறினோம். கண் பழகாத இனத்தாரின் முகங்களைப் பிரித்தறிவது கடினம் என்பதை 1969இலேயே மால்பாஸ், கிராவிட்ஸ் இருவரும் ஆய்வில் காட்டிவிட்டார்கள். கோலாலம்பூரில் நடமாடும் எல்லா இன முகங்களும் கலந்திருந்தால் அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்திருக்கும். அதற்காக முகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நம்மிடமே விடக்கூடாது. அப்படி விட்டுப் பார்த்த 2004ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், பலர் தம் இனத்தாரையும் அழகானவர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்களில் பத்தில் ஒருவரின் தேர்வை இரண்டே முயற்சியில் ஊகிக்க முடிந்தது.

ஐந்து சுற்றுக்கு மொத்தம் 59,049 வாய்ப்புகள். நான்கு இலக்க எண்ணின் 10,000ஐவிட மேல்தான். ஆனால் சில தவறுகளுக்குப் பின் கணக்கை முடக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் கணினிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நேரமும் பிடிக்கிறது. எல்.ஆர்.டி. நகர ரயில் நெரிசலில் நான் இதைத் திறப்பதே இல்லை, பின்னால் நிற்பவர் பார்த்துவிடுவார் என்பதால். பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ‘ஃபேஸ்லாக்’ இதற்கு நல்ல வழி காட்டியது: நமக்கு நன்கு தெரிந்த, ஊரறியாத முகங்களை வைத்து, ஒவ்வொரு முறையும் அதே ஆளின் வேறு படத்தைக் காட்டுவது. தெரிந்தவருக்கு எந்தப் படத்திலும் ஆள் பிடிபடும். ஒட்டிப் பார்த்த அந்நியருக்கு வேறு ஆளாகத் தெரியும். அவர்களின் சோதனையில் ஓராண்டு கழித்தும் 86.1 விழுக்காட்டினர் உள்ளே நுழைந்தார்கள். நம்மை நன்கு அறிந்தவர்கள் முயன்றபோது 6.6 விழுக்காட்டினரே வென்றார்கள்.

நாளுக்குப் பத்து முறை திறக்கும் கணக்குக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அலுத்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை வருமான வரிப் படிவம் நிரப்பத் திறப்பது போன்ற கணக்குகளுக்கு இது வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். கண்பார்வை குன்றியவர்களுக்கும் முகங்களை அடையாளம் காணும் திறன் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கும் மாற்று வழி கட்டாயம் வைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இன்னும் வைக்கவில்லை, எழுதிக் கேட்டிருக்கிறேன்.